குல்லா போட்டும் பெயர் தெரிகிறதா? ரோல்பிளே கேம்களில் பெயர்க் கோளாறுகளைச் சரிசெய்வது

கோத்தகிரியில் பனி இறங்கிவிட்டால் பத்தடி தள்ளி வருகிறவர் யாரென்று தெரியாது. குரங்குக் குல்லா, ஸ்வெட்டர், கையில் குடை. அவ்வளவுதான் கண்ணுக்குப் படும். கிட்டே வந்து “என்ன, கடைக்கா?” என்று கேட்ட பிறகுதான் குரலை வைத்து ஆளைப் பிடிப்போம். நாங்கள் எழுதி நடத்துகிற ரோல்பிளே கேமுக்குள், அதாவது ஆளுக்கொரு கேரக்டராக நடித்து ஆடுகிற கேமுக்குள், இந்தப் பனியைக் கொண்டுவரத்தான் ஆசைப்பட்டோம். 1908-ல் ரயில் உதகை வரை வந்துசேர்ந்த சமயத்து மலையூர் ஒன்று. ஸ்டேஷனில் இறங்குகிற எல்லாரும் ஒருவருக்கொருவர் புதியவர். படம் கிடையாது, முழுக்க எழுத்து. ஆடுகிறவர்கள் பதினைந்து பேருக்குள்: கோத்தகிரி, குன்னூர், கொடைக்கானல், கோவையிலிருந்து இரண்டு பேர்.

1978-ல் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் ட்ரப்ஷாவும் ரிச்சர்ட் பார்ட்டிலும் எழுதிய, பலர் சேர்ந்து ஆடும் எழுத்து கேமான ‘மட்’ காலத்திலிருந்து, கேரக்டரின் பெயர் எல்லார் திரையிலும் தெரிவதுதான் வழக்கம். அதை மறைத்து, பழகப் பழகத் தெரியவைப்பது என்று ஆரம்பித்தால் கோளாறு வரிசைகட்டி வரும். எங்களுக்கு வந்தவற்றை, வெளியே தெரிகிற அறிகுறியை வைத்து இங்கே எழுதுகிறேன். நாங்கள் பயன்படுத்துவது எவெனியா. பைத்தான் என்ற நிரல்மொழியில் எழுதப்பட்ட, காசில்லாமல் கிடைக்கிற எஞ்சின்; கேமை அதன் மேல்தான் கட்டுகிறோம். அதோடு ஒரு ரோல்பிளே தொகுப்பும் வருகிறது. அதன் கமாண்டுகளைத் தமிழாக்கி, அடிக்கிற வரியைச் சொல் சொல்லாகப் பிரித்துப் பார்க்கும் பகுப்பானை நாங்களே திருத்தி எழுதிக்கொண்டோம். உங்கள் எஞ்சின் வேறு என்றாலும் நோய் பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும்.

எதையும் தொடும் முன் நான்கு விஷயங்களைப் பிரித்து வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே நுழையப் பயன்படும் கணக்குப் பெயர் ஒன்று. கேரக்டரின் சொந்தப் பெயர் ஒன்று. அந்நியர் கண்ணுக்குப் படும் தோற்றக் குறிப்பு ஒன்று, ‘குள்ளமான போர்ட்டர்’ என்பது மாதிரி. நான்காவது, ஒருவர் இன்னொருவருக்குத் தன் மனதில் வைத்துக்கொள்ளும் நினைவுப் பெயர். இது கூப்பிடப்படுகிறவரின் பதிவில் இருக்கக் கூடாது, கூப்பிடுகிறவரின் பதிவில் இருக்க வேண்டும். சுற்றுலா வருகிறவர் ஊட்டி என்கிறார், போர்டில் உதகமண்டலம், பேப்பரில் உதகை. ஊர் ஒன்றுதான், பெயர் சொல்கிறவர் கையில். கீழே வரும் கோளாறுகளில் பாதி, இந்த நான்காவதை இரண்டாவதோடு போட்டுக் குழப்பியதால் வந்தவை.

புது ஆள் ஸ்டேஷனில் இறங்கியதுமே பெயர் தெரிகிறது

எந்தக் கணக்கிலிருந்து பார்க்கிறீர்கள்? அட்மின் கணக்கு என்றால் முதலில் அதை விட்டு வெளியே வாருங்கள். எவெனியாவில் சூப்பர்யூசருக்கு, அதாவது முழு அதிகாரமுள்ள கணக்குக்கு, எந்த அனுமதிப் பூட்டும் பொருந்தாது. ‘க்வெல்’ கமாண்ட் அடித்து அதிகாரத்தை இறக்கி வைத்துவிட்டுப் பாருங்கள். சாதாரணக் கணக்கு ஒன்றைச் சோதனைக்கென்றே வைத்துக்கொள்வது இன்னும் நல்லது. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும், இல்லாத கோளாறை நான் தேடிக்கொண்டிருந்த கதையை இங்கே சொல்லப் போவதில்லை.

சாதாரணக் கணக்கிலும் தெரிகிறதா? பழைய கேரக்டர்களுக்கு மட்டுமா, புதியவர்களுக்கும் சேர்த்தா என்று பாருங்கள். பழையவர்களுக்கு மட்டும் என்றால் காரணம் தெளிவு: கேரக்டருக்கு அச்சாக இருக்கும் நிரல் வகுப்பை மாற்றினாலும், கேரக்டர் உருவாகும்போது ஒரே ஒருமுறை ஓடுகிற நிரல் ஏற்கெனவே இருப்பவர்களுக்குத் தானாக மறுபடி ஓடாது. ‘டைப்’ கமாண்டை ‘ரீசெட்’, ‘ஃபோர்ஸ்’ இரண்டோடும் சேர்த்து ஒவ்வொரு கேரக்டருக்கும் ஓட்டினால் சரியாகிவிடும். ரீசெட் என்றால் அந்தக் கேரக்டரின் பழைய பண்புகளும் துடைபட்டுப் போகும், அதனால் முதலில் பேக்கப் எடுங்கள்.

எல்லாருக்கும் தெரிகிறது என்றால் ஓட்டை வேறு இடத்தில். ‘இன்னார் உள்ளே வந்தார்’ என்ற அறிவிப்பு, இப்போது யார் யார் இருக்கிறார்கள் என்ற பட்டியல், ஓர் அறையை விட்டு இன்னொன்றுக்குப் போகும்போது வரும் வரி. இந்த மூன்றும் சொந்தப் பெயரை நேராக எடுத்துப் போட்டிருக்கும். பட்டியலில் பெயரே வேண்டாம், எண்ணிக்கை போதும் என்பது என் கட்சி.

பெயரைச் சொன்னேன், யாருக்கும் ஒட்டவில்லை

“நான் மாரி” என்று கேரக்டர் வாயால் சொல்வது வெறும் பேச்சு. அதைக் கேட்டதும் எல்லார் நினைவிலும் பெயர் தானாக ஏறிவிடும்படி சில கேம்கள் எழுதுவார்கள். எங்களுடையதில் கேட்டவர்தான் ஏற்றிக்கொள்ள வேண்டும்:

நினை குள்ளமான போர்ட்டர் = மாரி

இது வேலை அதிகம் என்று முதல் மாதம் எல்லாரும் முனகினார்கள். இருந்தாலும் மாற்ற மறுத்துவிட்டேன். தானாக ஏறினால் பொய்ப் பெயர் சொல்லவே முடியாது, சொன்ன பெயரைக் கேட்டவர் நம்பாமல் இருக்கவும் முடியாது. கேட்டவரே எழுதிக்கொண்டால் எதை வேண்டுமானாலும் எழுதலாம். என் கேரக்டரை ஒருவர் ‘குடைத் திருடி’ என்று ஏற்றி வைத்திருந்தது ஆறு மாதம் கழித்துத்தான் எனக்குத் தெரியவந்தது. குடை எடுத்தது உண்மைதான்.

கமாண்ட் சரியாக அடித்தும் ஏறவில்லையா? இருவரும் ஒரே அறையில் இருக்கிறார்களா என்று பாருங்கள். ஒரே தோற்றக் குறிப்பு இரண்டு பேருக்கு இருந்தால் கேம் ‘எந்த ஆள்?’ என்று கேட்டு நின்றிருக்கும். பின்னால் எண் சேர்த்து அடிக்க வேண்டும். ஸ்டேஷனில் ‘கம்பளி போர்த்திய ஆள்’ ஒரு சமயம் நான்கு பேர் இருந்தார்கள். மலையில் அது இயல்புதான், ஆனால் ஆட முடியவில்லை. இப்போது குறிப்பு எழுதும்போதே, ஏற்கெனவே இருப்பது என்றால் கேம் எச்சரிக்கும்.

‘குள்ளமான போர்ட்டர்’ என்று அடித்தால் கேம் வேறு எதையோ பிடிக்கிறது

தமிழில் கேம் எழுதுகிறவர் எல்லாரும் முட்டிக்கொள்ளும் கல் இது. நாங்கள் முட்டியது ஒரு பிளேயர், ஆளைச் சுட்டும் குறுக்குக்கோடு போட்டு, “/குள்ளமான போர்ட்டருக்கு வணக்கம் வைத்தேன்” என்று எழுதியபோது. திரையில் எல்லாருக்கும் வந்தது, அவர் கறுப்புக் குடை ஒன்றுக்கு வணக்கம் வைத்ததாக.

காரணம், எழுத்துகளில் ஒரு பாங்கை (எழுத்து வரும் வடிவத்தை) வைத்துத் தேடும் பைத்தானின் ‘ஆர்ஈ’ தொகுதி. அதில் பின்சாய்வுக் கோடும் டபிள்யூவும் சேர்ந்த குறிக்கு ‘ஒரு சொல்லின் எழுத்து’ என்று பொருள். ஆனால் அது தமிழின் உயிர்மெய்க் குறிகளையும் புள்ளியையும் எழுத்தாக எண்ணாது. ‘தமிழ்’ என்று கொடுத்தால் ‘தம’ ஒரு துண்டு, ‘ழ’ ஒரு துண்டு. இகரக் குறியும் புள்ளியும் கீழே உதிர்ந்துவிடும். ‘குள்ளமான’ என்பதில் முதல் துண்டு ‘க’ மட்டும். எங்கள் பகுப்பான் அந்த ‘க’வை வைத்துக்கொண்டு, அறையில் ‘க’வில் தொடங்குகிற முதல் பொருளைப் பிடித்திருக்கிறது. பாவம் குடை.

வழி இரண்டு. ‘ரெஜெக்ஸ்’ என்ற தனித் தொகுதியை நிறுவி ‘ஆர்ஈ’ இருக்கும் இடத்தில் அதை வையுங்கள். அது குறிகளையும் சேர்த்தே சொல்லாக எடுத்துக்கொள்ளும். இல்லையென்றால், யூனிகோடில் தமிழுக்கு ஒதுக்கிய 128 இடங்களையும் சொல்லின் எழுத்தாகக் கொள்ளும்படி பாங்கை நீங்களே எழுதுங்கள். நாங்கள் முதலாவதைச் செய்தோம்.

அதற்குப் பிறகும் ஒரு பெயர் மட்டும் அகப்படாமல் இருந்தது. கௌரி. இரண்டு பேர் கூப்பிட்டால் திரும்புகிறாள், மூன்றாமவர் கூப்பிட்டால் ‘அப்படி யாரும் இல்லை’ என்கிறது கேம். திரையில் பார்த்தால் மூன்றும் ஒன்றுபோலவே இருக்கிறது. கடைசியில் எழுத்து எழுத்தாகப் பிரித்து, ஒவ்வொன்றின் எண்ணையும் அச்சடித்துப் பார்த்தேன். மூன்றாமவர் அடித்தது ‘கௌ’ அல்ல. ‘கெ’ அடித்து, பக்கத்தில் ‘ள’ அடித்திருக்கிறார். கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது, கம்ப்யூட்டருக்கு இரண்டும் வேறு சொல். ‘ஒள’ என்று இரண்டெழுத்தாக அடிப்பதும் இதே கதை.

‘கொ’வை நேராக அடிக்கலாம், ‘கெ’யும் காலும் தனித்தனியாகவும் உள்ளே போயிருக்கலாம். இந்த வகைக்கு, பிரிந்து வந்த குறிகளை ஒன்றாக்கும் யூனிகோடின் ‘என்எஃப்சி’ சீராக்கல் போதும். உள்ளே வரும் ஒவ்வொரு வரியையும், சேமித்து வைத்த ஒவ்வொரு பெயரையும் அதில் ஒருமுறை ஓட்டிவிடுங்கள். ஆனால் ‘கெள’வை அது தொடாது. ‘ஸ்ரீ’யையும் தொடாது: அது ‘ஸ’வில் தொடங்கியும் வரும், 2005-ல் யூனிகோடில் சேர்ந்த ‘ஶ’வில் தொடங்கியும் வரும், பெரும்பாலான எழுத்துருக்களில் இரண்டும் ஒரே உருவம். இவற்றுக்குக் கையால் ஒரு மாற்றுப் பட்டியல் வைத்துக்கொள்ள வேண்டியதுதான். தேடும்போது மட்டும் மாற்றுங்கள், திரையில் அவர் அடித்ததே வரட்டும். ‘வெள்ளை’யில் இருக்கும் ‘வெள்’ளையும் ‘வௌ’ ஆக்கிவிடாதபடி, புள்ளி வைத்த ‘ள்’ளை விட்டுவிடச் சொல்லுங்கள். ‘தெளிவு’ போல ‘ள’வுக்கு மேல் குறி ஏறியவற்றையும் விட வேண்டும்.

வேற்றுமை உருபு அடுத்த தொல்லை. ‘போர்ட்டருக்கு’ என்று எழுதினால் கேம் ‘போர்ட்டர்’ என்று எப்படிக் கண்டுபிடிக்கும்? கண்டுபிடித்தாலும், எனக்கு அவர் ‘மாரி’ என்றால் என் திரையில் ‘மாரிக்கு’ வர வேண்டும், இன்னொருவருக்கு ‘செல்வம்’ என்றால் ‘செல்வத்துக்கு’. நாங்கள் ஒரு விதிப்பட்டியல் எழுதினோம்: ‘ம்’ முடிந்தால் ‘த்து’, இகரத்துக்கு ‘ய்’, ஆகாரத்துக்கு ‘வ்’, தனிக் குறிலுக்குப் பின் வரும் ஒற்று இரட்டிக்கும், ‘பெண்’ ‘பெண்ணை’ ஆவது போல. உகரத்தில் மாட்டிக்கொண்டோம். ‘ராஜு’ ‘ராஜுவை’ ஆகிறது, ‘கறுப்பு’ ‘கறுப்பை’ ஆகிறது. பெயர் ஏற்றும்போதே ‘இவரை எப்படிச் சொல்வீர்கள்?’ என்று கேட்டு ஓர் ‘ஐ’ வடிவத்தை வாங்கிக்கொள்வது என்று முடித்தோம். மீதி வடிவங்களை அதிலிருந்து கட்டிவிடலாம். பள்ளிக்கூடத்தில் புணர்ச்சி விதி எதற்கு என்று கேட்டவன் நான்.

நேற்றுத் தெரிந்தவர் இன்று அந்நியர் ஆகிவிட்டார்

அவர் ஸ்வெட்டரை மாற்றித் தோற்றக் குறிப்பைத் திருத்தினாரா? அப்படியானால் நினைவுப் பெயரை நீங்கள் குறிப்பின் சொற்களோடு கட்டி வைத்திருக்கிறீர்கள். ஒவ்வொரு கேரக்டருக்கும் கேம் கொடுக்கும் மாறாத உள் எண்ணோடு கட்டுங்கள்.

ஒருவரை மட்டுமல்ல, எல்லாரும் எல்லாரையும் மறந்துவிட்டார்களா? சர்வர் இடையில் நின்று ஓடியிருக்கும். எவெனியாவில் ‘டிபி’யில் எழுதியது தரவுத்தளத்தில் தங்கும், ‘என்டிபி’யில் எழுதியது நினைவகத்தில் மட்டும், ரீலோட் செய்தாலே போய்விடும். ஒரு எழுத்து வித்தியாசம்தான். ஜூலைக் காற்றில் மரம் விழுந்து ஒரே நாளில் மூன்று முறை கரண்ட் போனபோதுதான் இதைக் கண்டுபிடித்தோம், சர்வர் அப்போது என் வீட்டு லேப்டாப்பில் ஓடியது. பேட்டரி செத்துப் பல நாள்.

குல்லாவை இழுத்துவிட்டும் ஆளைக் கண்டுபிடிக்கிறார்கள்

1997-ல் வந்த அல்டிமா ஆன்லைன் என்ற இணைய கேமில் ‘இன்காக்னிட்டோ’ என்று ஒரு மந்திரம் உண்டு. கொஞ்ச நேரத்துக்குப் பெயரும் உருவமும் வேறு ஆகிவிடும். அங்கே பெயர் எல்லாருக்கும் தெரிகிறது, அதனால் பொய்ப் பெயர் ஒன்றை மேலே ஒட்டினால் போதும். நினைவுப் பெயர் உள்ள கேமில் அது போதாது. நீங்கள் தோற்றத்தை மாற்றினாலும், என் நினைவில் உங்கள் உள் எண்ணுக்கு எதிரே ‘மாரி’ என்று இருந்தால் கேம் அதைத்தான் காட்டும். மறைவில் இருக்கும்வரை நினைவுப் பெயரைத் தேடவே கூடாது என்று வரிசையை மாற்ற வேண்டும். எவெனியாவின் ‘மாஸ்க்’ அப்படித்தான் வேலை செய்கிறது. நாங்கள் அதற்கு ‘மறை’ என்று பெயர் வைத்தோம்.

அதைச் சரிசெய்த அன்று ராத்திரியே அடுத்தது வந்தது:

குல்லா போட்ட உருவம் உள்ளே வந்தாள்.

உருவத்துக்கு முகம் இல்லை, பெயர் இல்லை, ஆனால் பெண் என்று ஊருக்கே தெரிந்துவிட்டது. ஊரில் அன்றைக்கு இருந்த பெண் கேரக்டர்கள் இரண்டே பேர், அதில் ஒருவர் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். இங்கிலீஷ் கேமில் வினைச்சொல் ஆண் பெண் காட்டாது, அதனால் அந்தத் தொகுப்பை எழுதியவர்கள் இதைப் பற்றி யோசிக்க வேண்டிய அவசியமே வந்திருக்காது. நமக்கு வினைமுற்றே காட்டிக்கொடுத்துவிடும்.

எல்லாரையும் ‘வந்தார்’ ஆக்கிவிடலாமே என்றார் ஒருவர். எழுத்தில் அது பொது. ஆனால் பேச்சில் ‘வந்தாரு’ என்றால் ஆணும் ‘வந்தாங்க’ என்றால் பெண்ணும்தான் பெரும்பாலும் நம் காதில் விழுகிறது. எங்கள் கேமில் பாதி பேச்சு நடை. அதனால் மறைவில் உள்ள குறிப்பு ‘உருவம்’ என்றுதான் முடிய வேண்டும், வினை ‘வந்தது’ என்று கட்டாயமாக்கினோம். மனுஷனை ‘அது’ என்பதா என்று முதலில் உறுத்தியது. உருவம்தானே வந்தது, ஆள் இன்னும் வரவில்லை.

கேம் எழுதும் வரி அடங்கிவிட்டது. பிளேயர் தானே எழுதும் வரி அடங்காது, பழக்கத்தில் ‘சிரித்தாள்’ என்று அடித்துவிடுவார். அதனால் மறைவில் இருக்கும்போது வாக்கியத்தின் கடைசிச் சொல் ‘ஆன்’ அல்லது ‘ஆள்’ என்று முடிந்தால், அனுப்பும் முன் ‘அனுப்பலாமா?’ என்று கேம் கேட்கும். எல்லாச் சொல்லையும் சோதித்தால் நான், தான், நாள் எல்லாம் மாட்டும். கடைசிச் சொல் மட்டும், மேற்கோளுக்கு வெளியே இருப்பது மட்டும். தடுக்காதீர்கள், கேளுங்கள்.

இன்னும் கசிகிறதா? பொருள்களைப் பாருங்கள். ‘மாரியின் குடை’ என்று பெயருள்ள குடையைப் பிடித்துக்கொண்டு மாரி ஒளிய முடியாது. ஒருவர் பின்னால் இன்னொருவர் நடக்கும்போது வரும் வரியைப் பாருங்கள். தாவல் விசை அடித்தால் முழுப் பெயரை நிரப்பித் தருகிற வசதி இருந்தால் அதையும் பாருங்கள், ‘மா’ அடித்துத் தாவல் தட்டியே முகமூடியைக் கழற்றின புத்திசாலி எங்களிடம் உண்டு.

எல்லார் முன்னாலும் குல்லாவைக் கழற்றினால் பழைய நினைவுப் பெயர் தானாகத் திரும்பும், அது சரிதான். ஆனால் குல்லாவோடு இருந்தபோது அந்த உருவத்துக்கு யாராவது தனிப் பெயர் ஏற்றியிருந்தால் அதைத் தனிப் பதிவாக வையுங்கள். அடுத்த முறை அதே குல்லா வரும்போது ‘அன்றைக்கு ராத்திரி வந்த உருவம்’ என்று தெரிய வேண்டும். ஒரே பதிவில் இரண்டையும் வைத்தால் ஒன்று மற்றதை அழிக்கும்.

கேம் சரியாக மறைக்கிறது, ஆனால் பிளேயருக்குத் தெரிந்துவிட்டது

இதற்கு நிரல் கிடையாது. பிளேயருக்குத் தெரிந்ததைக் கேரக்டர் தெரிந்ததாக நடப்பதை மெட்டாகேமிங் என்பார்கள். ஜிடிஏ என்ற வீடியோ கேமில், மைக்கில் பேசி ரோல்பிளே ஆடுகிறவர்களுக்கு இது தினப்படி சண்டை: முகமூடி போட்டுக் கொள்ளையடிப்பார், குரல் அதே குரல்.

நாங்கள் மாதம் ஒருமுறை குரலிலும் ஆடுவோம். ஒரு தடவை குன்னூர்க்காரர் ஒருவர் உருவமாக வந்து, தொண்டையைக் கட்டிக்கொண்டு, தபால் பையைக் கொடு என்று மிரட்டிக்கொண்டிருந்தார். பின்னணியில் தேயிலை ஃபேக்டரிச் சங்கு ஊதியது. கொடைக்கானல் பையன் உடனே, “அண்ணா, நீங்களா?”

“எந்த அண்ணா? நான் யாருன்னே உனக்குத் தெரியாது.”

“அந்தச் சங்கு உங்க வீட்டுப் பக்கத்துச் சங்குதானே அண்ணா.”

அந்த ராத்திரி அதோடு போச்சு. அதற்குப் பிறகு இரண்டு ஏற்பாடு. பேசும்போது மட்டும் மைக் திறக்கும்படி பட்டனை அழுத்திப் பேசுவது ஒன்று. கேரக்டர் ஒருவரை அடையாளம் கண்டால் அதற்கான காரணம் கேமுக்குள் எழுத்தில் இருக்க வேண்டும், யாராவது கேட்டால் அந்த வரியைக் காட்ட வேண்டும் என்பது இன்னொன்று. பதினைந்து பேர் கூட்டத்தில் இது போதுகிறது.

மீதி, சுருக்கமாக

வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் என்ற இணைய கேமில் டோட்டல் ஆர்பி 3 என்ற ஆட்ஆனை (கேமோடு சேர்த்துப் போடும் துணை நிரல்) போட்டும் பக்கத்தில் நிற்பவர் பழைய பெயரைச் சொல்லியே கூப்பிடுகிறாரா? அவரிடம் அந்த ஆட்ஆன் இல்லை. ஆட்ஆன் உள்ளவர் திரையில் மட்டும்தான் உங்கள் ரோல்பிளே பெயர் வரும்.

மறைவில் இருப்பவர் வம்பு செய்தார், யாரென்று அட்மினுக்கும் தெரியவில்லை என்றால் பதிவேட்டில் தோற்றக் குறிப்பை எழுதிக்கொண்டிருக்கிறீர்கள். ஒவ்வொரு வரிக்கும் உள் எண்ணை எழுதுங்கள். கேரக்டர்களிடம்தான் மறைவு, அட்மினிடம் இல்லை என்பதை ஆட வருகிறவர்களிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

புதிதாக வந்தவரை யாரோ ஏற்கெனவே தெரிந்தவர்போலக் கூப்பிடுகிறார் என்றால், அழித்த கேரக்டரின் எண்ணைப் புதியவருக்குக் கொடுத்திருக்கிறீர்கள். எவெனியா எண்களை மறுபடி பயன்படுத்தாது. அதற்கு முன்னால் நாங்களே எழுதிய எஞ்சின் பயன்படுத்தியது. அதில் சேர்ந்த ஒன்பதாம் வகுப்புப் பையன் முதல் நாள் ஸ்டேஷனில் இறங்கியதும் நாலு பேர் அவனைத் ‘தாத்தா’ என்று கூப்பிட்டுக் கும்பிட்டார்கள். அவர்கள் திரையில் அப்படித்தான் வந்தது. அவன் அந்தப் பெயரையே வைத்துக்கொண்டான்.